நாங்கள் கேட்டு வாங்கிய சக்தி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது டாக்டர் நஸீமா அம்மாதான். போன வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். இதே ஆஸ்பத்திரி, இதே மாடி, அதோ அந்தக் கதவுக்கு உள்ளே. "தங்கபுஷ்பம் அம்மா, உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போகலை. அளவுக்கு மேல வேலை செய்யுது. அதுதான் உங்க மூட்டையே அரிச்சுத் தின்னுது" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துவிட்டேன். கை இரண்டும் மடியில் கோழிக்கால் மாதிரிச் சுருண்டு கிடக்க, அவ்வளவு பெரிய டாக்டர் முன்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய், "தண்ணி குடி, தண்ணி குடி" என்கிறார்.

ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். உனக்கு இன்றைக்குத்தான் முதல் ட்ரிப்ஸ், இல்லையா? முகத்திலேயே எழுதியிருக்கிறது. பேர் என்ன சொன்னாய், முத்துச்செல்வியா? பயப்படாதே முத்துச்செல்வி. கையைக் காட்டு. ஆமாம், கணுவெல்லாம் வீங்கித்தான் இருக்கிறது. இப்போது என் கையைப் பார். மடக்குகிறேன், பார்த்தாயா? விரிக்கிறேன். ஒவ்வொரு விரலாக மடக்கவா? வருகிற வழியில் பஸ்ஸிலும் இதையேதான் செய்துகொண்டு வந்தேன். "போதும் புஷ்பம், எல்லாரும் உன்னையே பாக்காங்க" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார். பார்க்கட்டுமே. பார்க்கத்தானே மடக்குகிறேன்.

அவர் கீழே டீ குடிக்கப் போயிருக்கிறார். எனக்கும் இன்றைக்கு ஏற்றுகிற நாள். இது மட்டும் நல்லபடியாக ஏறிவிட்டால் வருகிற சனிக்கிழமை நான் தரையில் உட்கார்ந்துவிடுவேன். அது ஒன்றுதான் என் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரு. தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை, இந்த ஏசிக் காற்று.

தரையில் உட்காருவது என்ன பெரிய விஷயம் என்று நினைப்பாய். எங்கள் ஊர்க் கோயிலில், சர்ச்சைத்தான் கோயில் என்போம், வருஷத்துக்கு ஒரு தடவை அசனப் பண்டிகை. ஊர் முழுக்க, சாதி பேதம் பார்க்காமல், ஒரே பந்தியில் சாப்பிடும். சமைக்கிறது ஆண்கள். முந்தின நாள் மத்தியானம் காய் வெட்டுகிறது நாங்கள். கோயில் வளாகத்தில் பந்தலுக்கடியில் பாய் விரித்து, ஆளுக்கொரு அரிவாள்மனையோடு வரிசையாக உட்காருவோம். கத்தரிக்காய், வாழைக்காய், குவித்துப்போட்ட சின்ன வெங்காயம். யார் வீட்டு மருமகள் எப்போது எழுந்திருக்கிறாள், யாருக்கு யார் பெண் பேசி முறிந்தது, எல்லாம் அந்த வரிசையில்தான் வெளியே வரும். ஒருத்தி அழுதால் வெங்காயமா விஷயமா என்று தெரியாது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். நான் அந்த வரிசையில் வாக்கப்பட்ட வருஷத்திலிருந்து உட்கார்ந்தவள்.

பிறகு இந்த முடக்குவாதம் வந்தது. குனிய முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, வெங்காயத்தைப் பிடிக்க முடியவில்லை. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வரிசைக்கு வெளியே, பந்தல் காலுக்குப் பக்கத்தில். கையில் ஒரு தம்ளர் மோர். திறப்பு விழாவுக்கு வந்த விருந்தாளி மாதிரி நான் மேலே உட்கார்ந்திருக்க, கீழே அவர்கள் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. "என்னளா, என்னளா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் முத்துச்செல்வி. அந்த நாற்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த நாற்காலியைப் போட்டது யார் தெரியுமா? எங்கள் மைனி. என் வீட்டுக்காரரின் அக்காள், கமலபாய். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவர்கள்தான் தலைவி. குரல் அப்படியே கோயில் மணி. அவர்கள் ஜெபம் செய்தால் தெருக்கோடி வரைக்கும் ஆமென் கேட்கும்.

இங்கேதான் நான் சிரித்த விஷயம் வருகிறது. எனக்குக் கை முடங்கின நாளிலிருந்து, ஒவ்வொரு வியாழக்கிழமைக் கூட்டத்திலும் மைனி எழுந்து நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆண்டவரே, எங்கள் சகோதரி தங்கபுஷ்பத்துக்கு எதிர்ப்பு சக்தியை ஏராளமாய்த் தாரும்! குறைவில்லாமல் தாரும்! நாளுக்கு நாள் பெருகப்பண்ணும்!" என்று ஜெபிப்பார்கள். முப்பது பெண்பிள்ளைகள் "ஆமென்" என்போம். நானே எல்லாருக்கும் முந்திச் சத்தமாய்ச் சொல்வேன். எத்தனை வருஷம்! இதோடு விட்டார்களா? நிலவேம்புக் கஷாயம், முருங்கைக்கீரை சூப், சீந்தில் கொடி என்று சக்தி ஏறுவதற்கு ஊரில் என்னென்ன உண்டோ அத்தனையும் தூக்குவாளியில் வந்தது.

டாக்டர் அம்மா சக்தி அதிகம் என்றதும் எனக்கு அத்தனை வியாழக்கிழமையும் கண் முன்னால் வந்தது. "அய்யோ டாக்டரம்மா, அது நாங்க கேட்டு வாங்கினதுல்லா!" என்றேன். "யார்கிட்ட?" என்றார். நான் மேலே கையைக் காட்டினேன். அவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "உங்க ஜெபத்துனால வந்தது இல்லம்மா, மனசுல போட்டுக்காதீங்க" என்று என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். நான் பத்தாம் வகுப்பு பாஸ் இல்லை. ஆனாலும் புரிந்தது. உனக்கும் சொல்கிறேன், கேள்.

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. காவல் காக்கிற ஜனம். கிருமி வந்தால் ஒன்று பார்த்து இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும். அந்தச் சேதிக்கு ஒரு பேர் உண்டு, சைட்டோகைன் என்று. எனக்கு வாயில் நிற்கவில்லை, சேதி என்றே வைத்துக்கொண்டேன். சேதி போனதும் எல்லாம் ஓடிவரும், சண்டை போடும், கிருமி செத்ததும் சேதி நிற்கும். நமக்கு அந்தச் சேதி நிற்பதில்லை. கிருமியே இல்லை, ஆனாலும் "வந்துட்டான், வந்துட்டான்" என்று ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓடிவந்த ஜனம் சும்மா போகுமா? மூட்டுக்குள் இறங்கிக் கிடைத்ததையெல்லாம் உடைக்கும்.

நான் சொன்னேன், "டாக்டரம்மா, இது எங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புல்லா!" என்று. உண்மையாகத்தான். ஒரு தடவை யாரோ, தண்ணீர்த் தொட்டியில் பூச்சி மருந்து விழுந்துவிட்டது, யாரும் குடிக்காதீர்கள் என்று அனுப்பினார்கள். மைனி அதை நாலு குரூப்புக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கே அது ஐந்து பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. அப்போ நிச்சயம் உண்மைதான் என்று மறுபடியும் அனுப்பினார்கள். ஊர் முழுக்க நல்ல தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வெறுங்குடத்தோடு நின்றோம். அந்தச் சேதி வேறு ஏதோ ஊருடையது, அதுவும் எப்போதோ வந்தது. மைனி கெட்டவர்களா? இல்லையே. அக்கறையில்தானே செய்தார்கள். டாக்டர் அம்மாவும் அதைத்தான் சொன்னார்: "உங்க அணுக்கள் கெட்டது இல்லம்மா. ரொம்ப விசுவாசமானது. சேதிதான் தப்பு."

சரி, மருந்து என்ன செய்கிறது? அணுக்களைக் கொல்வதில்லை. அந்தச் சேதியைக் கேட்கிற காதைப் போய் அடைத்துக்கொள்ளும். இதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ரத்தத்தில் பார்த்தால் சேதி முன்னைவிட அதிகமாகக்கூடத் திரியுமாம். ஆனால் கேட்கிறதற்குக் காது இல்லை. போன் கத்திக்கொண்டே கிடக்கும், இவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்கள். சண்டைக்கு ஓடின ஜனமெல்லாம் மெல்ல மெல்ல அமர்ந்துபோகும். "எல்லாருக்கும் ஒரே மருந்து சரியா வரும்னு சொல்ல முடியாது, உங்களுக்கு இதைக் கொடுத்துப் பார்ப்போம்" என்றார். நெஞ்சுப் படம் எடுத்தார், பழைய காசநோய் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார், அதன் பிறகுதான் ஆரம்பித்தார்.

இந்தச் சமாச்சாரத்தை நான் மைனியிடம் சொன்னதுதான் தப்பு. அவர்கள் முகம் அப்படியே கறுத்துவிட்டது.

"ஏளா புஷ்பம், அப்போ நான் செஞ்ச ஜெபந்தான் உன் கையை முடக்கிச்சின்னு சொல்லுதியா?"

"இல்ல மைனி, டாக்டரம்மா அப்படிச் சொல்லல..."

"முழங்கால் போட்டுல்லா கேட்டேன். என் முழங்கால் காய்ச்சுப் போயிருக்கு, பாரு."

"சரி மைனி. இப்போ கொஞ்சம் குறைச்சுக் கேட்டா என்ன?"

"குறைச்சா? குறைச்சுத் தாரும்னு ஜெபம் பண்ணி நீ எங்கயாவது கேட்டிருக்கியா?"

நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. அந்த வியாழக்கிழமை மைனி எழுந்து நின்றார்கள். முக்காட்டை இழுத்துவிட்டார்கள். பிறகு மெதுவாக, "ஆண்டவரே, எங்கள் சகோதரிக்கு இதுவரைக்கும் நீர் தந்த சக்திக்காக ஸ்தோத்திரம். அதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எடுத்ததைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடும்" என்றார்கள். பின் வரிசையிலிருந்து எலிசபெத்து, "எனக்குக் கொடும் ஆண்டவரே, ஒரு மாசமா சளி விடமாட்டேங்கு" என்றாள். அவ்வளவுதான். முப்பது பேரில் ஒருத்திக்கும் ஆமென் வரவில்லை. ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து சிரிப்பு. ஆண்டவரும் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மைனி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, மைனிக்கு என் மேல் ஏதோ இருக்கிறது என்று.

முதல் ட்ரிப்ஸில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீயும் இன்றைக்குச் சாயங்காலமே கையைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. போகப்போகத்தான். ஒருநாள் காலையில் ஊறுகாய் பாட்டில் கையில் இருக்கிறது, மூடி திறந்திருக்கிறது. யார் திறந்தது? நான்தான்! என்னை அறியாமல் திறந்திருக்கிறேன். பிறகு என்ன, வீட்டிலிருக்கிற பாட்டிலையெல்லாம் திறந்தேன். சீனி, உப்பு, தேங்காய் எண்ணெய், அவருடைய இருமல் மருந்து வரைக்கும். என் வீட்டுக்காரர் வந்து, "ஏளா, இது என்ன, எல்லா மூடியும் ஒரு பக்கம் கிடக்கு?" என்கிறார். அவரைப் பாவம் என்று சொல்ல வேண்டும். நாலு வருஷமாக எனக்குத் தலை சீவிவிட்டது அவர்தான். அவருக்குத் தெரிந்த வகிடு ஒன்றே ஒன்று, அவர் தலையில் இருக்கிற இடது பக்க வகிடு. நான் அதோடுதான் கோயிலுக்குப் போவேன். அன்றைக்கு நானே நேர்வகிடு எடுத்துப் பின்னிக்கொண்டு வந்து நின்றேன். மனிதர் சீப்பைத் துடைத்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கை தட்டினேன். பாட்டு முடிந்தது, எல்லாரும் நிறுத்தினார்கள், நான் நிறுத்தவில்லை. போதகர் ஐயர் அறிக்கை வாசிக்க வந்து நிற்கிறார், நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஓசூரிலிருக்கிற என் மகள் பிளெஸ்ஸிக்கு வீடியோவில் துணி பிழிந்து காட்டினேன். "அம்மா, போன்ல தண்ணி தெறிக்கு" என்று அழுகிறாள், சிரிக்கிறாள்.

சந்தோஷப்பட வேண்டிய மைனி என்ன செய்தார்கள் தெரியுமா? அதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். எனக்குக் கை சரியான நாளிலிருந்து எதிலும் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள். சங்கத்தில் நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போனால், "நீ வரவேண்டாம் புஷ்பம்." போன ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மேலத்தெரு அன்னமணி பெரியம்மாவுக்குக் காய்ச்சல், சளி. நானும் போனேன். மைனி வாசலிலேயே குறுக்கே கையை நீட்டிவிட்டார்கள். "நீ இங்கயே நின்னு ஜெபம் பண்ணு. ஆண்டவருக்குக் கேக்கும்." எல்லார் முன்னாலும்! எனக்கு எப்படி இருக்கும்? இத்தனை நாள் நான் நோயாளி, அவர்கள் ஜெபிக்கிறவர்கள். இப்போது நானும் நல்லா இருக்கிறேன், அது பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? நான் அவர்கள் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போய், பெரியம்மா தலையில் இரண்டு கையையும் வைத்து, விரலை நன்றாக விரித்து வைத்து ஜெபம் செய்துவிட்டுத்தான் வந்தேன்.

சனிக்கிழமைக்கு அவர்கள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நாற்காலி! "உனக்கு நாற்காலி சொல்லி வச்சிருக்கேன், மெத்தை போட்டது. கூட்டத்துக்குள்ள உக்காராத" என்கிறார்கள். நான் அரிவாள்மனையைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன், இவர்கள் மெத்தை நாற்காலி சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அதோ, போன் அடிக்கிறது பார். மைனிதான். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. எடுக்கமாட்டேன். எடுத்தால், "இருமலை டாக்டர்கிட்ட சொன்னியா, சொன்னியா?" என்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம், பக்கத்தில் படுத்திருக்கிறவருக்கு என் இருமல் கேட்கவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கிற இவர்களுக்கு எப்படித்தான் கேட்டதோ! டாக்டரிடம் சொன்னால் என்ன ஆகும்? சளி, இருமல் இருந்தால் ஏற்றமாட்டார்கள். சரியாகட்டும், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். போன தடவை ஒருத்தரை அப்படித்தான் அனுப்பினார்கள். ட்ரிப்ஸ் தள்ளிப்போனால் விரல் மறுபடி விறைக்கும். விறைத்தால் நாற்காலி. மைனிக்கு அதுதானே வேண்டும்?

இரு... இது... தண்ணீர் இருக்கிறதா உன்னிடம்? போதும், போதும். நீ நல்ல பிள்ளை.

இல்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான். லேசாக. மாடிப்படி ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு இளைக்கிறது.

காய்ச்சலா? காய்ச்சல் இல்லவே இல்லை. நான் என்ன பைத்தியமா, பார்க்காமல் வருவேனா? தினமும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காலையில் பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன், உதறி உதறிப் பார்த்தேன், அதை நானே உதறினேன் என்கிற சந்தோஷத்துக்காக இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு பாயின்ட் ஏறவில்லை. பெரிய வியாதி என்றால் காய்ச்சல் அடிக்குமே. அடிக்காதா?

காய்ச்சல் ஏன் வருகிறது என்றா கேட்கிறாய்? அதையும் டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். அதுவும் இந்தச் சேதிதான். கிருமி வந்தால் அணுக்கள் ஒன்றுக்கொன்று மட்டும் சொல்வதில்லை, மூளைக்கும் சொல்லும். மூளை அதைக் கேட்டுத்தான் உடம்பைச் சுட வைக்கும். அந்தச் சேதியேதான். அதே காதுதான். அந்தக் காதைத்தான் மருந்து...

இரு.

அப்படியானால் மூளைக்கும் கேட்காதே. உள்ளே நிஜமாகவே கிருமி வந்து உட்கார்ந்திருந்தாலும் மூளைக்குச் சேதி போகாது. மூளைக்குத் தெரியாவிட்டால் தெர்மாமீட்டருக்கு யார் சொல்வது?

இதைச் சொன்னார் முத்துச்செல்வி. முதல் நாளே சொன்னார். "காய்ச்சல் இல்லைன்னு வீட்டிலேயே இருந்துடாதீங்க, சின்ன இருமல்னாலும் என்கிட்ட சொல்லணும்" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மைனியிடமும் அப்படியே ஒப்பித்தேனே. அவர்கள் மறக்கவில்லை. எனக்கு விரல் மடங்குகிற பாதி மட்டும்தான் ஞாபகம் நின்றது. மிச்சப் பாதியை அந்தப் பாட்டில் மூடிகளோடு சேர்த்து எங்கேயோ வைத்துவிட்டேன். சிரிக்காதே. சரி, சிரி. எனக்கே சிரிப்பாகத்தான் வருகிறது, சிரித்தால் இருமலும் வருகிறது. உனக்குத் தைரியம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், கடைசியில் எனக்கே அல்லவா பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆண்டவரே, அந்தப் பெரியம்மா தலையில் கை வைத்தது தப்பா? அது எப்படித் தப்பாகும்? ஆனாலும் வாசலில் நின்றும் கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை போனால் போகிறது. போனால் போகிறது என்று வாய் சொல்கிறது, பார், கண் கேட்கமாட்டேன் என்கிறது. சின்ன வெங்காயம் உரிக்காமலேயே. பரவாயில்லை. அசனம் அடுத்த வருஷமும் வரும். நாற்காலியை வரிசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, மடியில் ஒரு முறம் வைத்து... அதுவும் டாக்டர் அம்மா விட்டால்தான்.

சிஸ்டர் உள்ளேயிருந்து வருகிறாள். ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக்கொண்டே வருவாள், காய்ச்சல் இருக்கா, சளி இருக்கா, இருமல் இருக்கா என்று. என்னிடம் கேட்டால் நான் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீ எனக்கு முந்திச் சொல்லிவிடும்மா. "இந்த அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருமல், படி ஏறினா இளைக்கு." அவ்வளவு சொன்னால் போதும்.